கொந்தளிக்கும் தண்ணீருக்கு எந்த சர்ஃப்ஸ்கி? தொண்டிக் கடலை மனத்தில் வைத்து ஒரு கேள்வி

தேவகோட்டைத் துடுப்பு:

அனைவருக்கும் வணக்கம். பதினான்கு ஆண்டுகள் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுச் சென்ற ஆண்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். அங்கிருந்தபோது வார இறுதிகளில் கடல் கயாக்கில் துடுப்புப் போட்டுப் பழகியவன் என்பதால், மூன்று மணி நேரம் தொடர்ந்து போவதில் எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் சர்ஃப்ஸ்கியில், அதாவது கடலில் துடுப்புப் போட்டு ஓட்டும் நீண்ட, ஒடுக்கமான படகில், இதுவரை நாலைந்து முறைதான் அமர்ந்திருக்கிறேன். அதுவும் அலையே இல்லாத நீர்த்தேக்கத்தில். தேவகோட்டையிலிருந்து தொண்டிக் கடற்கரை ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் தூரம்தான். எனவே, இனி வாரம் இருமுறையாவது அங்கே இறங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

என் சிக்கல் இதுதான். சிங்கப்பூரில் உள்ள நண்பர் ஒருவர் குடும்பத்தோடு காரைக்குடிக்குக் குடிபெயர்கிறார். அவருடைய வீட்டுச் சாமான்கள் வரும் கண்டெய்னரில் ஒரே ஒரு படகுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே பழைய படகுகள் மூன்று விலைக்கு வந்திருக்கின்றன. மூன்றும் எபிக் நிறுவனத்தின் படகுகள். முதலாவது வி8, ஏறத்தாழ 5.5 மீட்டர் நீளமும் 56 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. இரண்டாவது வி8 ப்ரோ, 5.8 மீட்டர் நீளம், 51 சென்டிமீட்டர் அகலம். மூன்றாவது வி10, 6.2 மீட்டருக்குச் சற்று மேல் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம். மூன்றில் எதையும் கடலில் ஏறிப் பார்த்து வாங்க எனக்கு வழியில்லை.

எனக்கு வயது 43, எடை 81 கிலோ, உயரம் 174 சென்டிமீட்டர். அகலமான படகை வாங்கினால் ஆறு மாதத்தில் சலித்துவிடுமோ என்றும், ஒடுக்கமானதை வாங்கினால் ஆறு மாதமும் தண்ணீரிலேயே கிடப்பேனோ என்றும் மாறி மாறி யோசித்துக்கொண்டிருக்கிறேன். காற்றுக் காலத்தில் அலையோடு ஓடிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. வைக்கும் இடத்தைப் பற்றிக் கவலை இல்லை. எங்கள் வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதால் எந்தப் படகையும் திருப்பாமலே உள்ளே கொண்டுபோய்விடலாம். படத்தைப் பார்த்த அப்பத்தா மட்டும், இதில் மனிதன் உட்கார இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தக் கேள்விக்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது.

பெர்த் கண்டனூரான்:

அப்பத்தாவின் கேள்வியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் விஷயத்தின் மையமே அதுதான். கயாக்கில் நீங்கள் படகுக்குள் அமர்கிறீர்கள். சர்ஃப்ஸ்கியில் படகின் மேல்தளத்தில் குடைந்த ஒரு குழியில் அமர்கிறீர்கள். 1912-இல் ஆஸ்திரேலியாவின் போர்ட் மக்குவாரி பகுதியில் மக்லாரன் சகோதரர்கள் சிப்பி வளர்ப்பு வேலைக்காகச் செய்துகொண்ட மிதவைதான் இதன் மூதாதை என்பார்கள். அந்த மிதவை அகலமாகத்தான் இருந்தது; பந்தயம் வந்த பிறகுதான் படகு நீண்டு ஒடுங்கியது. ஆகவே ஒடுக்கம் என்பது சர்ஃப்ஸ்கியின் பிறவிக் குணம் அன்று, பந்தயத்துக்காகப் பிற்பாடு சேர்ந்த குணம்.

ஒரு படகு பக்கவாட்டில் சாயும்போது அதை நிமிர்த்தும் வலிமை, தண்ணீரைத் தொடும் இடத்தில் உள்ள அகலத்தின் முப்படியைப் பொறுத்து மாறுகிறது. 50 சென்டிமீட்டர் அகலத்தை 45 ஆகக் குறைத்தால் குறைந்தது பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் நிமிர்த்தும் வலிமையில் கால்வாசிக்கு மேல் போய்விடுகிறது. உங்கள் முதல் படகையும் மூன்றாவது படகையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், நீள வேறுபாட்டைக் கழித்த பிறகும் முதல் படகு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு நிலையானது. 45 சென்டிமீட்டர் படகில் ஓர் ஆள் அமர்ந்தால் அந்த வலிமை ஏறக்குறைய பூச்சியம் ஆகிவிடும். அதாவது படகு தானாக நிற்பதில்லை, அமர்ந்திருப்பவர் தன் இடுப்பாலும் துடுப்பாலும் ஒவ்வொரு கணமும் அதை நிறுத்திக்கொண்டிருக்கிறார். மிதிவண்டி ஓட்டுவது போன்ற கலை அது. பழகியவருக்கு எளிது, களைத்தவருக்குக் கடினம்.

ஆனால் அகலம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணிவிட வேண்டாம். நிலைப்பு இரண்டு வகைப்படும். அசையாத நீரில் ஏறி உட்கார்ந்ததும் கிடைக்கும் உறுதி ஒன்று. படகு நன்றாகச் சாய்ந்த பிறகு ஓர் இடத்தில் பிடித்து நிறுத்தும் உறுதி மற்றொன்று. அடிப்பாகம் தட்டையாக உள்ள அகலமான படகில் முதல் வகை மிகுதி, ஆனால் பக்க அலை வரும்போது அந்தப் படகு அலையின் சரிவோடு ஒட்டிக்கொண்டு தானும் சரியும். அடி உருண்டையாகவும் பக்கங்கள் மேல்நோக்கி விரிந்தும் உள்ள படகு கரையில் தள்ளாடுவது போலத் தோன்றினாலும், அலை அதன் அடியில் நழுவிப் போகும்போது உங்களை நிமிர்ந்து உட்கார விடும். கொந்தளிப்பில் உங்களைக் காப்பாற்றுவது இரண்டாவது வகைதான். நீங்கள் சொன்ன வி8 வெறும் பலகை போன்ற படகு அன்று. அதில் இரண்டும் ஓரளவு சமமாக அமைந்திருக்கின்றன.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கோடைக்காலப் பிற்பகல்களில் தென்மேற்கிலிருந்து ஒரு கடற்காற்று அடிக்கும். ஃப்ரீமாண்டில் டாக்டர் என்று அதற்குப் பெயரே உண்டு. அந்தக் காற்றில் அலையோடு ஓடுவதற்காக, பழகத் தொடங்கிய நான்காவது மாதத்திலேயே 45 சென்டிமீட்டர் படகு ஒன்றை வாங்கினேன். காலையில் ஆற்றில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போன அதே ஆள், மாலையில் கடலில் ஏழைத் தாண்டவில்லை. காரணம் எளியது. விழாமல் இருப்பதற்காக ஒவ்வொரு வீச்சையும் பாதியிலேயே நிறுத்தித் துடுப்பைத் தண்ணீரின் மேல் தட்டிக்கொண்டிருந்தேன். ஓராண்டு கழித்து ஒருவர் தன்னுடைய 54 சென்டிமீட்டர் படகை ஒரு நாள் கடனாகத் தந்தார். அதே கடலில், அதே காற்றில், ஒன்பதுக்குக் குறையாமல் வந்தேன். வேகமான படகு என்று நான் வாங்கியது என்னிடம் மெதுவான படகாக இருந்தது என்பது அன்றுதான் புரிந்தது.

ஹவாயின் மொலொக்காய் சர்ஃப்ஸ்கி பந்தயத்தைப் பன்னிரண்டு முறை வென்ற தென்னாப்பிரிக்கர் ஆஸ்கார் சலுப்ஸ்கி, முதலில் நிலைப்பு, பிறகுதான் திறமை என்ற கருத்தைப் பல்லாண்டுகளாக வற்புறுத்திவந்தவர். படகு விற்கும் நிறுவனத்தோடு தொடர்புள்ளவர் ஆயிற்றே என்று நான் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. என் ஓராண்டு வீணானது அதனால்தான்.

நீளத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. நீர்மட்ட நீளம் கூடினால் படகின் இயல்பான வேக எல்லை கூடும் என்பது உண்மைதான். வழக்கமான கணக்குப்படி 5.5 மீட்டர் படகுக்கு அந்த எல்லை மணிக்கு சுமார் பத்தரை கிலோமீட்டர், 6.2 மீட்டர் படகுக்கு பதினொன்றைச் சற்றுத் தாண்டும். மெல்லிய படகுகள் இந்தக் கணக்குக்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். ஒரு மணி நேரம் தொடர்ந்து பத்தரையில் போகக்கூடியவர் என்றால் நீளமான படகு உங்களுக்கு ஏதாவது தரும். ஒன்பதில் போகிறவருக்கு அந்தக் கூடுதல் நீளம் வெறும் சுமை, உராய்வு.

நேர்ப்பேச்சு:

மேலே எழுதியவர் சொல்வதோடு நான் உடன்படவில்லை. நான் ஒடுக்கமான கே1 பந்தயப் படகில் பழகியவன்; அகலமான படகில் பழகிப் பிறகு ஒடுக்கமான படகுக்கு வந்தவர்கள் எல்லோரும் இரண்டாம் முறையும் முதலிலிருந்து பழக வேண்டியிருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரே படகுக்குத்தான் இடம் என்றால், மூன்றாண்டு கழித்து எது வேண்டியிருக்குமோ அதை வாங்குங்கள். வி10-ஐ வாங்கி, மழைக்காலம் முடிந்து கண்மாய்கள் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் தினமும் ஒரு மணி நேரம் அமர்ந்தால் மூன்று மாதத்தில் உடம்பு கற்றுக்கொள்ளும். நம் பக்கத்தில் கண்மாய்க்கா பஞ்சம்?

தொண்டிக் கரை:

தேவகோட்டை அண்ணனுக்கு வணக்கம். நான் தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரைச் சேர்ந்தவன்; வீட்டில் மீன்பிடித் தொழில், எனக்குக் கயாக் பித்து. இங்கே எழுதியவர்கள் படகைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் எங்கள் கடலைப் பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால் பெர்த்தில் உள்ள அண்ணன் ஓடுகிற பெருங்கடல் அலையும் பாக் விரிகுடா அலையும் ஒன்று அல்ல.

எங்கள் கடல் ஆழம் குறைந்தது. பெரும்பாலான இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டாது, கரையோரத்தில் வெகுதூரம் இடுப்பளவுதான். இலங்கைக்கும் நமக்கும் நடுவில் அடைபட்ட கடல் என்பதால், தொலைவிலிருந்து நீண்ட அலை வந்து சேர இடமில்லை. காற்று கிளப்பும் அலைதான் இங்கே அலை. அது உயரத்தில் ஒரு மீட்டரைத் தொடாவிட்டாலும், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று விநாடிக்கு ஒரு முறை வந்து அடிக்கும். மூன்று விநாடி அலையின் முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு ஏறத்தாழ 14 மீட்டர். பாதி 7 மீட்டர். ஆறே கால் மீட்டர் படகை அதில் வைத்துப் பாருங்கள்: பின்முனை ஒரு முகட்டில் இருக்கும்போது அணியம், அதாவது முன்முனை, அடுத்த அலையின் முதுகில் போய்க் குத்தும். 5.5 மீட்டர் படகு அந்தப் பள்ளத்துக்குள் திரும்பிக்கொள்ளும். பெருங்கடலில் எட்டு விநாடி அலை என்றால் முகட்டுக்கு முகடு நூறு மீட்டர். அங்கே படகின் நீளம் ஒரு பொருட்டே அல்ல. ஆகவே எங்கள் கடலுக்குக் குட்டையான படகு என்பது பழகுகிறவர்களுக்கான சலுகை அன்று, கடல் கேட்கும் அளவு.

அடுத்து காற்று. இதைக் கவனமாகப் படியுங்கள், அண்ணன். ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் எங்கள் கடல் குளம்போல் கிடக்கும். மன்னார் வளைகுடாதான் அப்போது குமுறும். வாடைக்காற்று தொடங்கினால் நிலைமை தலைகீழ். இராமேசுவரத்துக்காரர்கள் வடகடல், தென்கடல் என்று பிரித்துச் சொல்வதும், காலத்துக்குத் தக்கபடி கடல் மாறிக்கொள்வதும் இதனால்தான். புதிதாக வருகிறவர்கள் ஆடி மாதத்துக் கடலைப் பார்த்து, இதில் என்ன ஆபத்து என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தத் தென்மேற்குக் காற்றைக் கச்சான் என்போம்; அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரத்தில் அலை எழும்பத் தூரம் இல்லாததால்தான் தண்ணீர் அமைதியாக இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் உள்ளே போய் விழுந்து, படகைக் கைவிட்டுவிட்டீர்கள் என்றால், அது எல்லைக்கோட்டை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் அதன் பின்னால் நீந்த வேண்டியதுதான். அலையோடு ஓடும் ஆசைக்கு உகந்தது வாடைக்காலத்தின் பின்பகுதி, அதாவது புயல் பயம் நீங்கிய தை மாதம். அப்போது காற்று வடகிழக்கிலிருந்து கரையை ஒட்டியே வீசும். தொண்டியில் இறங்கித் தேவிபட்டினம் பக்கம் ஓடினால் காற்று உங்களைக் கரைக்கே ஒதுக்கும்.

சுக்கானைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. படகின் அடியில் இருக்கும் வழக்கமான சுக்கான் 20 சென்டிமீட்டர் இறங்கும். எங்கள் கடலடி முழுக்கக் கடற்புல். தாழை என்போம், கடற்பசு மேய்வது அதைத்தான். நேரான சுக்கானில் அது சுற்றிக்கொண்டால் படகு சேற்றில் இழுப்பதுபோல் கனக்கும். சுற்றிய புல்லை உதறப் பின்னோக்கித் துடுப்புப் போட வேண்டும், அந்த நேரத்தில்தான் ஒடுக்கமான படகு உங்களைக் கவிழ்க்கும். நண்டு வலைக் கயிறும் அப்படியே. பின்னோக்கிச் சாய்ந்த புல்வழுக்குச் சுக்கானோ, அடியில் தட்டினால் தானாக மேலே எழும்பும் பின்முனைச் சுக்கானோ கிடைக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். எந்தப் படகு என்பதற்குச் சமமான கேள்வி இது.

தேவகோட்டைத் துடுப்பு:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. கச்சானைப் பற்றிச் சொன்னது என்னைச் சற்று உலுக்கிவிட்டது. ஆடியில் முதன்முதலாக இறங்கலாம் என்றுதான் திட்டமிட்டிருந்தேன். வி10 என் மனத்திலிருந்து ஏறத்தாழ இறங்கிவிட்டது. ஆனால் 51 சென்டிமீட்டர் படகு இன்னும் இழுக்கிறது. நடுவில் உள்ளதை எடுத்தால் இரண்டு பக்கமும் தப்பிக்கலாமே?

பெர்த் கண்டனூரான்:

முதலில் நேர்ப்பேச்சு அவர்களுக்கு ஒரு சொல். தட்டை நீரில் பழகினால் உடம்பு கற்றுக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அது தட்டை நீரைக் கற்றுக்கொள்ளும். அலை எங்கிருந்து வரும் என்று தெரியாத இடத்தில் இடுப்பைத் தளர்த்தி வைத்திருப்பது வேறு பாடம். பயத்தில் இடுப்பு இறுகியவர் விழுவார். விழுந்தவர் மேலும் இறுகுவார். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர அகலம்தான் உதவும், மன உறுதி அன்று. உங்களைப் போல் இருபது வயதில் கே1 பழகியவர்களுக்கு இது பொருந்தாமல் இருக்கலாம். கேட்டவருக்கு வயது 43.

51 சென்டிமீட்டர் பற்றி: என்னிடம் பணமும் இடமும் இருந்து, ஏறிப் பார்க்க வழியும் இருந்தால், உங்கள் எடைக்கு நான் அதையே சிபாரிசு செய்திருப்பேன். பெரும்பாலான நாட்களில் அது உங்களுக்குப் பொருந்தும். ஆனால் படகைத் தேர்ந்தெடுக்க வேண்டியது பெரும்பாலான நாட்களை வைத்து அன்று. இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டுக் களைத்து, காற்று எதிர்பாராமல் ஏறி, சுக்கானில் புல் சுற்றிய அந்த ஒரு நாளில், படகை நிறுத்தி, துடுப்பை மடியில் வைத்து, தண்ணீர் குடித்து, திரும்பிப் பின்னால் பார்க்க முடிகிறதா? முடிந்தால் அந்தப் படகு உங்களுடையது. இந்தச் சோதனையை நீங்கள் ஏறிப் பார்க்காத படகில், தனியாகப் போகப்போகும் கடலில் செய்ய முடியாது என்பதால், ஒரு படி பின்னால் நிற்பதே என் யோசனை: வி8.

படகின் அகலத்தைப் போலவே இருக்கையும் முக்கியம். இருக்கைக் குழி உங்கள் இடுப்புக்கு அகலமாக இருந்தால் படகு சாய்வதை உணர்வதற்குள் நீங்கள் சறுக்கியிருப்பீர்கள். பக்கங்களில் மெல்லிய நுரைத்துண்டு ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அடியில் மெத்தை போட வேண்டாம். இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்தால்கூட எடைமையம் மேலே ஏறி, 56 சென்டிமீட்டர் படகைக் காசு கொடுத்து ஒடுக்கிக்கொண்டது போலாகிவிடும். பின்புறம் வலித்தால் சில வாரங்களில் பழகிவிடும். காலடியில் சேரும் தண்ணீரையும் கவனியுங்கள். அதை உறிஞ்சி வெளியேற்றும் திறப்பு படகு ஓடும்போதுதான் வேலை செய்யும். நின்றுவிட்டால் அந்தத் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிப் படகைத் தானும் சாய்க்கும். அதனால்தான் கொந்தளிப்பில் நிற்பதைவிட மெதுவாகவாவது போய்க்கொண்டிருப்பது பாதுகாப்பு.

இன்னொன்று கேட்க மறந்தேன். அந்தக் கண்டெய்னர் எத்தனை அடி? இருபது அடி என்றால் உள்நீளம் 5.9 மீட்டர்தான்.

தேவகோட்டைத் துடுப்பு:

இருபது அடிதான்! இதை யாரும் யோசிக்கவில்லை. நண்பரிடம் இப்போதுதான் பேசினேன். வி10-ஐ மூலைக்கு மூலை குறுக்காக வைத்தால் நுழையும், ஆனால் தன் மனைவியின் தேக்கு அலமாரியைக் கரையில் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும் என்றார். 5.8 மீட்டர் படகுக்குப் பொதிகிற நுரையைச் சேர்த்தால் கதவு மூடாது. ஆக, முடிவில் பாதியைக் கண்டெய்னரே எடுத்துவிட்டது.

சம்பை ஊற்று:

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். கண்மாயில் பழகுவது பற்றி மேலே ஒருவர் எழுதியிருந்தார். நான் பிளாஸ்டிக் கயாக்கில் செய்து பார்த்தவன். ஊருணிகளில் இறங்க நினைக்கவே வேண்டாம், பல ஊர்களில் அது குடிக்கிற தண்ணீர். கண்மாயில் சீமைக் கருவேல மரத்தின் மூடுகள் தண்ணீருக்கு அடியில் நிற்கும். என் கயாக்கில் கோடு விழுந்தது, கண்ணாடி இழைப் படகாக இருந்தால் கிழிந்திருக்கும். சித்திரையில் நடந்துபோய் எங்கே மூடு இருக்கிறது, எங்கே தெளிந்த தரை என்று பார்த்து வைத்துக்கொண்டு, நிறைந்த பிறகு அந்த இடத்தில் மட்டும் இறங்குங்கள். ஒரு வேலைக்கு மட்டும் அது மிக நல்ல இடம்: விழுந்து மீண்டும் ஏறுவதைப் பழக. வயிற்றால் குறுக்கே படுத்து, திரும்பி இருக்கையில் அமர்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுப்பதை இரு பக்கத்திலிருந்தும் பத்துப் பத்து முறை செய்யுங்கள். பத்தாவது முறைதான் களைத்த உடம்பின் கணக்கு.

தொண்டிக் கரை:

சம்பை ஊற்று அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்றே ஒன்று. கண்மாயில் ஏறத் தெரிந்தவர் கடலில் ஏறிவிடுவார் என்று பொருளில்லை. அலையில் ஏறும்போது காற்று வரும் பக்கத்தில் நீங்கள் இருந்தால் படகு உங்களிடமிருந்து தள்ளிப்போகும், காற்று போகும் பக்கத்தில் இருந்தால் அது உங்கள் மேல் வந்து மோதும். நான் அணியத்தை அலைக்கு நேராகத் திருப்பிவிட்டுத்தான் ஏறுகிறேன். படகையும் காலையும் இணைக்கும் கயிறு இல்லாமல் எங்கள் கரையில் யாரும் இறங்குவதை நான் விரும்புவதில்லை. உயிர்காப்பு மேலங்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. தண்ணீர் புகாத உறையில் அலைபேசி இருக்கட்டும்: கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. இறங்குமுன் உள்ளூர்க் கடலோரக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எல்லைக்கு அருகில் உள்ள கடல் இது. மெல்லிய வெள்ளைப் படகில் தனியாக ஒருவர் போனால் கேள்வி கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

காலம் பற்றிக் கேட்டால், சித்திரை தொடங்கியதும் வரும் தடைக்காலம் உங்களுக்கு வசதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுகள் மட்டும் விடியற்காலையில் போகும். காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை எங்கள் கடல் பால்போல் இருக்கும், பிற்பகலில் கடற்காற்று கரையை நோக்கித் திரும்பும். முதல் இரண்டு மாதம் காலையில் பழகி, பிறகு ஒரு நாள் பிற்பகலில் ஒரு மணி நேரம், கரைக்கு இணையாக மட்டும். இந்தியக் கடல்சார் தகவல் மையம் அலை உயரத்தையும் அலைக்காலத்தையும் முன்கூட்டியே வெளியிடுகிறது. உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அரை மீட்டர் உயரம், மூன்று விநாடி என்று இருந்தால், ஒரு மீட்டர் உயரம், ஏழு விநாடி என்பதைவிட அது உங்களை அதிகம் ஆட்டும்.

நேர்ப்பேச்சு:

சரி, ஒப்புக்கொள்கிறேன், மூன்று விநாடி அலையில் நான் துடுப்புப் போட்டதில்லை. இருந்தாலும் ஓராண்டு கழித்து வி8 சலித்துவிட்டது என்று நீங்கள் இங்கே எழுதும்போது நான் சிரிக்க உரிமை வேண்டும்.

பெர்த் கண்டனூரான்:

அந்த உரிமையைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். சலிப்பதற்கு ஒரு அளவுகோலும் தருகிறேன். தட்டை நீரில் ஐந்து கிலோமீட்டர் போக எடுக்கும் நேரத்தையும், கடற்காற்று நாளில் அதே தூரம் போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தையும் குறித்து வாருங்கள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு சுருங்கிக்கொண்டே வந்தால், கடலிலும் நீங்கள் முழு வலுவோடு வீசுகிறீர்கள் என்று பொருள். அப்போது 51 பற்றி யோசிக்கலாம். வேறுபாடு அப்படியே நின்றால் சலித்தது படகு அன்று.

தேவகோட்டைத் துடுப்பு:

வி8 என்று விற்பவருக்குச் சொல்லிவிட்டேன். சுக்கான் பற்றியும் கேட்டேன். இப்போது அதில் இருப்பது அடியில் இறங்கும் நேரான சுக்கான்தான், பின்னோக்கிச் சாய்ந்தது தனியாகக் கிடைக்கும், வாங்கிச் சேர்த்து அனுப்புகிறேன் என்றார். துடுப்பு என்னிடம் இருப்பது 218 சென்டிமீட்டர் தட்டைத் துடுப்பு. இதற்கு, அலகு சிறகுபோல் வளைந்த சிறகுத் துடுப்புதான் வேண்டும் என்கிறார்கள், அதையும் இப்போதே வாங்கிவிடலாமா?

தொண்டிக் கரை:

வாங்குங்கள், ஆனால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியதாக வாங்குங்கள். உங்கள் உயரத்துக்கு 210 அளவில் தொடங்கி, காற்று நாளில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ளலாம். முதல் மாதம் மட்டும் பழைய தட்டைத் துடுப்பையே பயன்படுத்துங்கள். விழப்போகும்போது தண்ணீரைத் தட்டிச் சமாளிக்க உங்கள் கைக்கு அதுதான் பழக்கம். புதுப் படகும் புதுத் துடுப்பும் ஒரே நாளில் வேண்டாம்.

கண்டெய்னர் கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது என்றால், இந்தச் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு எங்கள் கரைக்கு வாருங்கள். என்னிடம் பழைய பிளாஸ்டிக் வி7 ஒன்று இருக்கிறது. 54 சென்டிமீட்டர், உங்கள் படகைவிடக் கனம், ஆனால் உட்காரும் விதம் ஒன்றுதான். ஏறிப் பார்த்துவிட்டு, இருக்கை அளவு எப்படி என்று விற்பவரிடம் சொல்லலாம். அப்பத்தா வருவதாக இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள், உட்கார இடம் எங்கே என்று நேரிலேயே காட்டிவிடுகிறேன்.